பிறபொருளும் எதிரியும்: விலங்குடலின் காப்பு பற்றிய அறிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

எமது நாட்டில் விஞ்ஞானத்தைத் தமிழ்மொழிமூலம் கற்ற தலைமுறையினர் அனைவருக்கும் பழக்கமான கலைச்சொற்கள் இரண்டு உள. ஒன்று நிர்ப்பீடனம், மற்றது பிறபொருளெதிரி. பாடநூலில் இவை அடுத்தடுத்த வரிகளில் வருவன. மாணவர் இரண்டையும் ஒருங்கே மனனஞ் செய்வர். ஆனால் இவ்விரு சொற்களும் இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை என்பது மனங்கொளத்தக்கது. பீடனம் என்பது துன்புறுத்துதல், நெருக்குதல் என்னும் பொருளுடைய வடசொல். ஆகவே நிர்ப்பீடனம் என்பது துன்புறுத்தலினின்றும் நீங்கிய நிலை. அச்சொல்லிற் போர் இல்லை, எல்லை இல்லை, பகைவன் இல்லை. பிறபொருளெதிரி என்பதிலோ எல்லாம் உள. பிற என்னும்போதே தன் என்பதும், தனக்கும் பிறவற்றுக்கும் இடையிலான வரம்பும் நிறுவப்பட்டுவிடுகின்றன. எதிரி என்னும்போது அவ்வரம்பில் நிகழவேண்டியது யாது என்பதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. உடற்றொழிலியலில் அன்றி இலக்கியத்திற் பயிற்சி பெற்ற நாம் இத்துறையை அணுகத் துணிந்தமைக்கு இச்சொல் வேறுபாடே காரணமாயிற்று.

மேனாட்டு மொழிகளிலும் நிலைமை இதுவே. இன்று நிர்ப்பீடனம் என்று நாம் பெயர்க்கும் சொல்லின் இலத்தீன் மூலம் மருத்துவத்துக்கு உரியதன்று, சட்டத்துக்கு உரியது. முனுஸ் என்பது குடிமகன் ஆற்றவேண்டிய கடமை, செலுத்தவேண்டிய இறை. அதிலிருந்து விலக்களிக்கப்பட்டவன் இம்யூனிஸ். உரோமப் பேரரசில் வரிவிலக்குப் பெற்ற நகரங்களும் வகுப்பினரும் இவ்வாறு அழைக்கப்பட்டனர். பாம்பின் நஞ்சு தீண்டாத வடஆபிரிக்கக் குடியொன்றைப் பற்றிப் பாடிய லூக்கன் என்னும் புலவர் இச்சொல்லை உடலுக்கு ஏற்றியுரைத்தார். பின்னர் இடையிடையே மருத்துவர் சிலரும் அதனை எடுத்தாண்டனர். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அச்சொல் பெரும்பாலும் நீதிமன்றத்திலேயே வழங்கிற்று. அது குறித்தது சலுகையை, போராட்டத்தை அன்று. சலுகை எவ்வாறு போராயிற்று என்பதே எமது வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. விலங்குடல் நோயைத் தாங்கும் வகைபற்றிய அறிவு மாட்டுக்கொட்டிலிலும் கோழிக்கூட்டிலும் ஆட்டுப்பட்டியிலும், அதாவது உற்பத்தியின் களங்களிற் பிறந்தது. ஆனால் அவ்வறிவை எடுத்துரைத்த மொழி அரசிடமிருந்தும் படையிடமிருந்தும் சொத்துரிமையிடமிருந்தும் கடன் பெறப்பட்டது. களத்துக்கும் மொழிக்கும் இடையிலான இழுபறியே இத்துறையின் வரலாற்றில் எமது கவனத்துக்குரியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் மாட்டுக் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் பரவிற்று. தமிழகத்து உழவர் வெக்கை என்று அழைத்த நோயும் இதுவே. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் எனத் தொடங்கிச் சில நாள்களில் மந்தையையே முடித்துவிடும் இயல்பினது. உழவு, எரு, பால், தோல் ஆகிய அனைத்தும் மாட்டையே சார்ந்திருந்த பொருளாதாரத்தில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1711இல் இத்தாலியில் நோய் பரவியபோது பாப்பரசரின் மருத்துவரான லன்சிசி நோயுற்ற மந்தைகளைக் கொன்று புதைத்தலையே வழியாகக் கூறினார். லியோன் நகரில் 1762இல் உலகின் முதலாவது கால்நடை மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமைக்கும் இந்நோய் ஏற்படுத்திய அழிவு ஒரு முக்கிய காரணமாகும்.

இக்காலத்தில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பகுதியில் கேர்ற் றெயின்டர்ஸ் என்னும் விவசாயி வாழ்ந்தார். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். அப்பகுதியில் நோயுற்ற மாட்டின் கழிவை நலமுள்ள மாட்டின் உடலில் ஏற்றிப் பாதுகாப்பளிக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் பேத்ருஸ் கம்பர் போன்றோர் அதில் ஈடுபட்டிருந்தனர். அம்முயற்சியில் மாடுகள் பல இறந்தன. 1770களில் றெயின்டர்ஸ் தம் தொழுவத்தில் ஒன்றைக் கவனித்தார். நோயுற்றுத் தேறிய பசுக்கள் ஈன்ற கன்றுகள் நோயைத் தாங்கின. ஏனைய கன்றுகள் தாங்கவில்லை. ஆகவே தேறிய பசுக்களின் கன்றுகளைத் தெரிந்து, தாயிடமிருந்து வந்த காப்பு நிலைத்திருக்கும் இளம்பருவத்திலேயே அவற்றுக்கு நோய்ப்பொருளைச் செலுத்தினார். சில வாரங்களின்பின் மீண்டும் செலுத்தினார். கன்றுகள் பிழைத்தன, பிழைத்தவை பின்னர் நோயுறவில்லை. தாய்வழிக் காப்பு என இன்று நூல்கள் விவரிக்கும் தோற்றப்பாட்டை முதன்முதலில் தெளிவுறக் கண்டு பயன்படுத்தியவர் இவ்விவசாயியே எனலாம். நுண்ணங்கிகள் நோயை உண்டாக்கும் என்பதே நிறுவப்படாத காலம் அது.

இக்காப்பு எவ்வாறு செல்கின்றது என்பது ஒரு நூற்றாண்டின் பின்னரே விளங்கிற்று. மனிதரிற் சூல்வித்தகம் ஊடாகத் தாயின் பிறபொருளெதிரிகள் கருவைச் சென்றடைகின்றன. பசுவில் அவ்வழி அடைபட்டிருக்கின்றது. கன்று ஏறத்தாழ வெறுங்கையுடனேயே பிறக்கின்றது. ஈன்ற பசு முதலிற் சுரக்கும் கடும்பிலேயே அப்பொருள்கள் செறிந்துள்ளன. கன்றின் குடற்சுவர் முதல் ஒரு நாள் அளவுக்கே அவற்றை முழுமையாக உள்ளே விடும். அதன்பின் அவ்வாயில் மூடிக்கொள்ளும். கடும்பு குடியாத கன்று பிழைப்பது அரிது என்பதைக் கால்நடை வளர்ப்போர் எங்கணும் அறிவர். கடும்பைக் காய்ச்சி இனிப்பிட்டு அயலாருக்குப் பகிரும் எமது ஊர்வழக்கிற்கூட, கன்று குடித்தபின் எஞ்சியதே மனிதருக்கு என்னும் கட்டுப்பாட்டை மூத்தோர் பேணியதை நாம் கண்டுள்ளோம். பழந்தமிழிற் கடும்பு என்பதற்குச் சுற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டும் ஒரே வேரினவா, வெறும் ஒலியொப்புமையா என்பதைச் சொற்பிறப்பியலார் ஆராய்க. எவ்வாறாயினும், காப்பு என்பது ஓருடல் தனித்து நின்று நிகழ்த்தும் போர் என்னும் கருத்துக்குப் பசுவின் கடும்பு இசைந்து வருவதாயில்லை. அது கொடுக்கப்படுவது, ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் செல்வது.

நுண்ணங்கியியலின் எழுச்சியோடு கதையின் மையம் தொழுவத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு இடம்பெயர்கின்றது. பொதுவாக இக்கட்டம் லூயி பாஸ்டரின் வெற்றிக்கதையாகவே சொல்லப்படுவது வழக்கம். 1881ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி பிரான்சின் பூயி-லெ-போர் என்னும் பண்ணையில் அவர் ஆடுகளுக்கு அந்திராக்சுத் தடுப்பூசி ஏற்றினார். மே 31இல் ஊசி பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் கொடிய நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆந் திகதி விவசாயிகளும் கால்நடை மருத்துவரும் பத்திரிகையாளரும் கூடிநிற்க, ஊசி பெறாத ஆடுகள் செத்தும் செத்துக்கொண்டும் கிடந்தன. பெற்றவை மேய்ந்துகொண்டு நின்றன. இதுவரை கதை உண்மையே. ஆனால் பாஸ்டர் அன்று பயன்படுத்திய ஊசி, ஒட்சிசனால் வலுக்குறைக்கப்பட்டதாக அவர் உலகுக்கு உணர்த்திய ஊசியன்று. அவரது உதவியாளர் சம்பெர்லான் பொற்றாசியம் இருகுரோமேற்றைக் கொண்டு தயாரித்த ஊசியே அது. அம்முறையோ, தூலூசைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் தூசேன் 1880இல் வெப்பத்தாலும் பின்னர் காபோலிக் அமிலத்தாலும் கிருமியை வலுவிழக்கச் செய்த முறைக்கு நெருக்கமானது. தூசேனின் முறையைப் பாஸ்டர் வெளிப்படையாக மறுத்துவந்தவர். பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கெய்சன் 1995இல் இதனை விரிவாக வெளியிட்டார். தூசேன் 1890இல் நாற்பத்து மூன்றாவது வயதில் இறந்தார். கோழிக் கொலரா ஆய்வுக்கான கிருமியையும் பாஸ்டருக்கு அனுப்பியவர் அவரே என்பதையும் சேர்த்து நோக்கினால், தலைநகரின் பேரறிஞருக்கும் மாகாணத்துக் கால்நடை மருத்துவருக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பது விளங்கும்.

எமது வினாவைப் பொறுத்தவரை இன்னொன்றே முக்கியமானது. ஊசி ஏன் பலிக்கின்றது என்பதற்குப் பாஸ்டர் கூறிய விளக்கத்தில் உடல் எதனையும் செய்வதில்லை. முதல்முறை வந்த கிருமி தனக்கு வேண்டிய உணவை உடலினுள் உண்டு தீர்த்துவிடுகின்றது. அடுத்து வரும் கிருமிக்கு எதுவும் எஞ்சுவதில்லை என்பதே அவர் கருதியது. ஒருமுறை விளைந்து வளமிழந்த வயல் போன்றது உடல். அதாவது 1880 அளவில்கூட, தடுப்பூசியைக் கண்டவரே விலங்குடலை ஒரு போராளியாகக் கருதவில்லை.

உடலைச் செயலுடையதாக்கியவர் உருசிய விலங்கியலாளர் இலியா மெச்னிக்கொவ். 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னன் கொல்லப்பட்டபின் பல்கலைக்கழகங்களிற் பிற்போக்கு ஆட்சி கடுமையாயிற்று. மெச்னிக்கொவ் 1882இல் ஒடெசாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து சிசிலியின் மெசினாவுக்குச் சென்றார். புரட்சியாளராக அன்று, இரு தரப்பினராலும் களைப்புற்ற தாராளவாதியாகவே சென்றார். அங்கே ஒளிபுகும் உடலுடைய நட்சத்திரமீன் குடம்பியினுள் முள்ளொன்றைச் செருகிவைத்தார். மறுநாட் காலை, அசையும் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். குருதிக்குழாயோ நரம்புத்தொகுதியோ தொடர்புபடாத இடத்தில் நிகழ்ந்த செயல் அது. அடுத்து, 1884இல் நீர்த்தெள்ளினுள் நுழையும் பூஞ்சைவித்துக்களை அதன் கலங்கள் விழுங்கிச் செரிப்பதை அவர் விவரித்தார். சில வேளைகளிற் கலங்கள் வென்றன. சில வேளைகளிற் பூஞ்சை வென்றது.

மெச்னிக்கொவ் இவ்விடத்தை அடைந்த பாதையைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது நோயை அன்று, செரிமானத்தை. குடலில்லாத எளிய உயிர்களில் தனிக்கலங்களே இரையை விழுங்கிச் செரிக்கின்றன. குடல் தோன்றியபின் அத்தொழிலை இழந்த கலங்கள் சில பழைய ஆற்றலைக் கைவிடாது, இறந்த கலங்களையும் புகுந்த நுண்ணங்கிகளையும் உண்கின்றன என்பது அவர் கருத்து. உண்ணுதலே முதல், காத்தல் அதன் வழித்தோன்றல். தின்குழியம் என்னும் எமது கலைச்சொல் இம்மூலத்தை நேர்மையாகப் பேணிவருகின்றது. ஆயின் மெச்னிக்கொவின் எழுத்திலேயே இவ்வுருவகம் விரைவிற் பின்தள்ளப்பட்டுப் படையுருவகம் முன்வந்துவிட்டது. உண்ணும் கலம் படைவீரனாயிற்று, அழற்சி போர்க்களமாயிற்று.

இம்மாற்றத்தின் காலச்சூழலை மறத்தலாகாது. 1870-71 பிரான்சிய-பிரசியப் போரின் வடு ஆறாத காலம். அப்போரிற் றொபேட் கொக் ஜேர்மன் படைமருத்துவராகப் பணிபுரிந்தவர். பாஸ்டர் பொன் பல்கலைக்கழகம் தமக்களித்த கௌரவப் பட்டத்தைத் திருப்பியனுப்பியவர். மெச்னிக்கொவ் 1888இற் பாஸ்டர் நிறுவனத்திற் சேர்ந்தபின் கலங்களே காப்பு என்பது பாரிசின் கொள்கையாயிற்று. 1890இற் பேரிங்கும் யப்பானியரான கித்தசாட்டோவும், நோயைத் தாங்கிய விலங்கின் குருதிநீரிலேயே நஞ்சுமுறிக்கும் பொருள் உண்டு எனக் காட்டியபின் குருதிநீரே காப்பு என்பது பேர்லினின் கொள்கையாயிற்று. ஈரணியினருக்கும் ஆய்வுவிலங்குகள் ஒன்றே. முயலும் கினிப்பன்றியும் எந்நாட்டுப் பிரசைகளும் அல்ல. 1908இல் நொபெல் பரிசு மெச்னிக்கொவுக்கும் ஜேர்மனியரான ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கலமும் குருதிநீரும் ஒன்றையொன்று சார்ந்தே தொழிற்படுகின்றன என்பது அதற்கு முன்பே, 1903இல் றைற், டக்ளஸ் ஆகியோரின் ஆய்வினால் ஓரளவு தெளிவாகியிருந்தது.

குருதிநீர் மருத்துவம் விலங்குகளுக்கு வேறொரு பாத்திரத்தையும் வழங்கிற்று. தொண்டைக்கரப்பானின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதிநீரை வடித்தெடுத்து விற்கும் தொழில் 1894 அளவில் ஜேர்மனியில் இரசாயனக் கம்பனியொன்றின் முதலீட்டுடன் தொடங்கிற்று. விலங்கின் காப்பு இவ்வாறு பண்டமாயிற்று. அமெரிக்காவின் செயின்ற் லூயி நகரில் பால்வண்டி இழுத்து ஓய்ந்த ஜிம் என்னும் குதிரை இத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டது. 1901இல் அக்குதிரைக்கு ஏற்புவலி கண்டது. அந்நஞ்சு கலந்த குருதிநீர் குழந்தைகளுக்கு ஏற்றப்பட, பதின்மூவர் இறந்தனர். உயிரியல் மருந்து உற்பத்தியை அரசு கட்டுப்படுத்தும் சட்டம் மறுவருடம் அங்கு நிறைவேறிற்று. உழைத்து ஓய்ந்த விலங்கின் குருதியும் உற்பத்திக் கருவியாகும் நிலையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

ஆபிரிக்காவில் இவ்வரலாறு இன்னும் கொடிய வடிவம் கொண்டது. மாட்டுக் கொள்ளைநோய் 1887இல் இத்தாலியப் படையின் தேவைக்குக் கொண்டுவரப்பட்ட மாடுகளுடன் எரித்திரியாவை அடைந்தது. பத்து ஆண்டுகளுக்குள் நன்னம்பிக்கை முனைவரை சென்றது. அந்நோயை முன்பு கண்டிராத மந்தைகளிற் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிந்தன. எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை பெரும்பஞ்சம் நிலவிற்று. தென்பகுதியில் மந்தையிழந்த மக்கள் சுரங்கங்களுக்கும் வெள்ளையர் பண்ணைகளுக்கும் கூலிகளாகச் சென்றனர். குடியேற்ற ஆட்சியின் வரிகளும் நிலப்பறிப்பும் தொடங்கிவைத்ததை நோய் விரைவுபடுத்திற்று. 1896இறுதியில் கிம்பர்லி வைரச்சுரங்க நகருக்கு அழைக்கப்பட்ட கொக், நோயுற்ற மாட்டின் பித்தநீரை ஏற்றிக் காப்பளிக்கும் முறையை அறிவித்தார். இங்கே ஒன்றைக் கூறுதல் தகும். ஆபிரிக்க மாடுகளின் உடலிற் குறை எதுவும் இருக்கவில்லை. அவற்றின் முந்திய தலைமுறைகள் அந்நோயைச் சந்தித்ததில்லை, அவ்வளவே. காப்பு என்பது உடலில் மட்டுமன்றி வரலாற்றிலும் தங்கியிருப்பது.

அடுத்த திருப்பமும் மாட்டின் மூலமே வந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மாடுகளின் குருதிவகைகளை ஆராய்ந்துவந்தனர். இன்ன காளைக்கே இன்ன கன்று பிறந்தது என நிறுவும் தேவை உயரினக் கால்நடை வணிகத்துக்கு இருந்தது. வம்சாவளியே விலையைத் தீர்மானித்தது. அங்கே ரே ஓவென், ஒரே பசுவுக்கு ஒரே நாளில் இரு காளைகளாற் கருவாகிப் பிறந்த இரட்டைக் கன்றுகளின் குருதியை ஆராய்ந்தார். இரண்டும் வெவ்வேறு தந்தையரின் சாயலுடையன. ஆனால் ஒவ்வொன்றின் குருதியிலும் மற்றதன் குருதிக்கலங்களும் கலந்திருந்தன. வளர்ந்த பின்னரும் நிலைத்திருந்தன. கருப்பையிற் குருதிக்குழாய்கள் இணைந்தமையால் நேர்ந்தது அது. எதிரியாகக் கருதி அழிக்கப்பட்டிருக்க வேண்டிய 'பிறபொருள்' உடலினுள் அமைதியாக வாழ்ந்தது. 1945இல் ஓவென் இதனை வெளியிட்டார். சொத்தின் தூய்மையை நிறுவப் பிறந்த ஆய்வு, தூய்மை என்னும் கருத்தையே ஐயத்துக்குள்ளாக்கியது.

அவுஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பேர்னற் 1949இல் பென்னருடன் வெளியிட்ட நூலில் ஓவெனின் மாடுகளைச் சான்றாகக் கொண்டு, தன் எது, பிற எது என்பதை விலங்குடல் கருப்பருவத்திற் கற்றுக்கொள்கின்றது என்றார். மாட்டிரட்டையரின் தோலொட்டுக்களை ஆராய்ந்திருந்த மெடாவரும் அவரது துணைவரும் 1953இல் எலிகளில் இதனைப் பரிசோதனையால் நிறுவினர். தன்னும் பிறவும் என்னும் இருமை அதன்பின் இத்துறையின் அரசியலமைப்பு என்றே கூறத்தக்க இடத்தைப் பெற்றது. வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கை நிலவிய நாட்டினர் பேர்னற். அதனாலேயே 'பிற'வின் தத்துவத்தைக் கண்டார் என்று சிலர் விளக்க முற்படக்கூடும். அத்தகைய விளக்கம் கொச்சை மார்க்சியமாகும். பேர்னற்றின் சிந்தனை உயிர்ச்சூழலியல் வாசிப்பிலிருந்தும், தன்னைச் செரிக்காது பிறவற்றைச் செரிக்கும் அமீபாவைப் பற்றிய எண்ணத்திலிருந்தும் வளர்ந்தது. அவர் தந்த கருதுகோள் சோதிக்கப்பட்டது, பயன் தந்தது. விஞ்ஞானம் கருத்துநிலையின் வெறும் நிழல் அன்று. ஆனால் அது பேசும் சொற்கள் சமூகத்திலிருந்து வருவன. வந்தவை சமூகத்துக்கு மீளவும் செல்வன. இயற்கையினுள் முதலாளித்துவப் போட்டியை ஏற்றிவைத்து, பின் இயற்கையிலிருந்தே அதனை எடுத்துக் காட்டி நித்திய விதி என்று கூறும் வித்தையை எங்கெல்ஸ் டார்வினியர் தொடர்பாகச் சுட்டிக்காட்டினார். 'அந்நியப் பொருளை உடல் தானாகவே வெளியேற்றும்' என்னும் வாக்கியம் பாடநூலை விட்டு அரசியல் மேடைக்கு ஏறும்போது நிகழ்வதும் அதே வித்தைதான். நாற்சிகள் மனிதரைக் கிருமி என்றும் ஒட்டுண்ணி என்றும் பெயரிட்டபின் செய்தவற்றை நாம் அறிவோம். எமது நாட்டில் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக உழைப்பாளர் இலட்சக்கணக்கானோரைப் பிறராக்கியபோது கலங்களையும் குருதிநீரையும் எவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் ஓவெனின் மாடுகள் அச்சட்டத்துக்குச் சாட்சி சொல்லியிரா.

கோழியையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. அதன் கழிகுழியின் மேலுள்ள சிறு பையொன்றைப் பதுவாவைச் சேர்ந்த பப்ரீசியசின் நூல் 1621இல் விவரித்தது. பயன் எவருக்கும் தெரியவில்லை. அப்பையை நீக்கிய கோழிகள் பிறபொருளெதிரிகளை ஆக்குவதில்லை என்பதை ஒஹாயோவில் புரூஸ் கிளிக்கும் அவரது துணைவரும் வகுப்புச் செய்முறைப் பாடமொன்றின்போது தற்செயலாகக் கண்டனர். பெயர்பெற்ற சஞ்சிகையொன்று கட்டுரையைத் திருப்பியனுப்ப, 1956இல் அது கோழிவளர்ப்புச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. நெடுநாள் படிப்பாரின்றிக் கிடந்தது. இன்று பீ நிணநீர்க்குழியம் என்பதிலுள்ள பீ அப்பையின் இலத்தீன் பெயரின் முதலெழுத்து.

பின்வந்த ஆய்வுகள் போர்ப்படிமத்தைப் பல இடங்களிற் கிழித்துள்ளன. பிறபொருளெதிரிகள் தாடையுடைய முள்ளந்தண்டுளிகளிடம் மட்டுமே உண்டு. மிகப் பெரும்பாலான விலங்கினங்கள் அவையின்றியே கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவருகின்றன. 1996இல் ஒவ்மன் குழுவினர் பழ ஈயிற் கண்ட தோல் என்னும் ஏற்பி, பூஞ்சையைத் தடுக்க உதவுவது. முதலில் அது முளையத்தின் முதுகையும் வயிற்றையும் வகுக்கும் மூலக்கூறாக அறியப்பட்டிருந்தது. உடலைக் கட்டுவதும் காப்பதும் ஒரே கருவி. பசுவின் அசையூண் இரைப்பையோ கோடானுகோடி நுண்ணங்கிகளின் குடியிருப்பு. புல்லைப் பசு செரிப்பதில்லை, அவையே செரிக்கின்றன. அவற்றை முற்றாக அழிக்கும் 'வெற்றி' பசுவின் பட்டினிச்சாவாகும். ஆகவே காப்பு என்று நாம் கூறுவது பெரும்பாலும் எதனை விட்டுவைப்பது என்னும் இடையறாத தீர்மானமே.

மாட்டுக் கொள்ளைநோய்க்கே மீள்வோம். முக்தேசுவரில் 1920களில் எட்வேட்ஸ் ஆடுகளினூடாக வலுக்குறைத்த வைரசைக் கொண்டு தடுப்பூசி ஆக்கினார். கென்யாவின் முகூகாவில் 1960 அளவில் புளோறைற் கன்றின் சிறுநீரகக் கலவளர்ப்பில் அதனினும் பாதுகாப்பான ஊசியை உருவாக்கினார். ஆயினும் போர் நடந்த பிரதேசங்களுக்கும் குளிரூட்டி செல்லாத மேய்ச்சல் நிலங்களுக்கும் அது சென்றடையவில்லை. எமது நாடு அந்நோயிலிருந்து பல தசாப்தங்கள் விடுபட்டிருந்தது. 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது வடகிழக்கில் மீண்டும் புகுந்தது என்பர் கால்நடை மருத்துவர். எரித்திரியாவுக்குச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், படையின் உணவுவழியே மீண்டும். 1994 வரை அது நீடித்தது. உழவு மாடு இழந்த குடும்பங்கள் இதனை எந்தப் போரின் கணக்கில் எழுதின என்பது எவரும் கேளாத கேள்வி.

வெப்பத்தைத் தாங்கும் ஊசி 1990களிற் கிடைத்தபின், தென்சூடானிலும் எதியோப்பியாவின் அபார் பகுதியிலும் உகண்டாவின் கரமோஜாவிலும் அதனைக் கொண்டுசென்றவர்கள் மேய்ப்பரே. சிறு பயிற்சி பெற்று, எந்த மந்தையில் எந்நோய் எனத் தம் சொந்தப் பெயர்களாலேயே அடையாளங் கூறி, கால்நடையாக நடந்து ஊசியேற்றினர். 2001இல் கென்யாவின் காட்டெருமைகளிற் காணப்பட்டதே கடைசி நோய். 2011இல் உணவு விவசாய நிறுவனமும் உலக விலங்குநல அமைப்பும் அந்நோய் ஒழிந்ததென அறிவித்தன. பெரியம்மைக்குப்பின் மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. அறிவிப்பைத் தொடர்ந்து வெளிவந்த புகழுரைகளிற் புளோறைற்றின் பெயர் உரியவாறு இடம்பெற்றது. குரோனிங்கன் விவசாயியின் வழித்தோன்றல்களான அம்மேய்ப்பரின் பெயர்களை எங்கும் காணோம்.